தனிமை ஒழிப்புப் படிவம்

தனிமையை எதிர்த்து மனித குலம் கண்டுபிடித்த ஆயுதங்களில் ஆகக் கூர்மையானது நான்கு பக்கப் படிவம். நரின் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன நகரத்தின் சமூக நல அலுவலர் புருலாய் அதை உறுதியாக நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், அதைத் தயாரித்தவளே அவள்தானே.

‘முன்னாள் விளையாட்டு வீரர்களின் சமூகத் தனிமையைப் போக்கும் திட்டம்’ அந்தக் குளிர்காலத்தில்தான் தொடங்கியது. முதல் பயனாளி ஷார்பெக். ஒரு காலத்தில் மூன்று முறை மல்யுத்தச் சாம்பியன். மனைவி இறந்து, இடுப்பும் விட்டுப்போய், கைத்தடியோடு தெருவில் நடக்க வெட்கப்பட்டு, இரண்டு வருடமாக மூன்றாவது மாடியை விட்டு இறங்காதவர்.

கதவைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. மேசையில் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தார். புருலாய் அவரைப் ‘பைகே’, அதாவது அண்ணா, என்று அழைத்தபடி பேனாவைத் திறந்தாள்.

“பைகே, வாரத்துல எத்தனை தடவை தனிமையா உணர்றீங்க? ஒரு தடவையா, ரெண்டு தடவையா, அதுக்கு மேலயா?”

“நீ வர்றதுக்கு முன்னாடி கணக்கா, வந்ததுக்கு அப்புறமா?”

“அதுக்குக் கட்டம் இல்ல பைகே.”

“சரி, டீ குடிச்சிட்டே கேளு.”

“பயனாளிகிட்ட எதுவும் வாங்கிக்கக் கூடாதுன்னு விதி.”

அவர் ஒரு கோப்பையை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார். புருலாய் மூன்றாம் பக்கத்தில் ‘பயனாளி நன்கு ஒத்துழைத்தார்’ என்று எழுதினாள். படி இறங்கும்போது, தான் இப்போது செய்ததற்கு ஏதோ பெயர் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ‘சேவை’யாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டாள்.

அடுத்த கட்டம் ‘ஒருங்கிணைப்புக் கூட்டம்’. ஷார்பெக் வரமாட்டேன் என்றார். மூன்று முறை போய்க் கேட்டாள், மூன்று முறையும் அதே பதில். நான்காம் முறை உண்மையைச் சொல்லிவிட்டாள்.

“நீங்க வரலேன்னா என் அறிக்கையில ஒரு இடம் காலியா நிக்கும் பைகே. டைரக்டர் என்னைத் தொலைச்சுடுவாரு.”

அவர் கைத்தடியைத் தேடி எடுத்தார். “அட பாவமே. இத முதல்லயே சொல்லக் கூடாதா? என் தொப்பிய எடு.”

ஆக, அவருடைய தனிமையைப் போக்கப் போனவள் மேல் இரக்கப்பட்டு அவர் படி இறங்கினார். இதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

விளையாட்டு அரங்கில் இருபத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். புகைப்படத்தில் ஒவ்வொரு பயனாளியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால், நாற்காலிகளை இரண்டு மீட்டர் இடைவெளியில் போட்டிருந்தார்கள். அந்த யோசனையும் புருலாயுடையதுதான். டைரக்டர் தெமிர்குல் ‘மனம் விட்டுப் பேசுவோம்’ என்ற தலைப்பில் ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். நடுவில், பழைய ஓட்டக்காரி கல்புபு பக்கத்து நாற்காலியை எட்டிப் பார்த்து, “ஏய், நீ எசென்கான்தானே? எடை தூக்குறவன்? எங்கடா போச்சு உன் முடியெல்லாம்?” என்றாள்.

“அமைதி!” என்று மேசையைத் தட்டினார் டைரக்டர். “இங்க கலந்துரையாடல் நடந்துட்டிருக்கு!”

கலந்துரையாடல் இனிதே முடிந்தது. படம் எடுத்தார்கள். உணவகத்தில் அதிகாரிகளுக்கு ஆட்டுக்கறி காத்திருந்தது. பயனாளிகளை ஏற்றிப் போக வண்டி மூன்று மணிக்குத்தான் வரும். மணி ஒன்று பத்துக்கு அதிகாரிகள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள், புருலாயும் அவர்களோடு. பாதி வழியில்தான், பயனாளிகளின் கையெழுத்துத் தாளை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. பனியில் வழுக்கி வழுக்கித் திரும்பி ஓடினாள்.

வாசலிலேயே நின்றுவிட்டாள். இரண்டு மீட்டர் இடைவெளியைக் காணோம். இருபத்துமூன்று நாற்காலிகளும் அரங்கின் மூலையில் இருந்த கணப்பு அடுப்பைச் சுற்றி முட்டிக்கொண்டு கிடந்தன. யாரோ பையிலிருந்து போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகளை எடுத்துக் கொட்டியிருந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எழுபத்தொம்பதுல நீ ஜெயிச்சது ஒரு ஜெயமா?” என்றாள் கல்புபு. “அவன் கால் வழுக்கி விழுந்தான், நீ மேல போய் உக்காந்துகிட்ட!”

“வழுக்கலடி, நான் வழுக்க வெச்சேன்!” ஷார்பெக் கைத்தடி இல்லாமலே எழுந்தார். “எசென்கான், இங்க வா. இவளுக்குக் காட்டணும்.”

எசென்கானின் இடுப்பு வாரைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். அடுத்த நொடி இருவரும் தரையில் கிடந்தார்கள். புருலாய் பையைத் திறந்து துழாவினாள். விபத்துப் படிவம் இருப்பது வேறு அலுவலகத்தில்.

கீழிருந்து வந்தது முனகல் அல்ல, சிரிப்பு. கண்ணில் நீர் வரச் சிரித்தார் ஷார்பெக். நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள்.

“நாலு பேரு தூக்குற வயசு வந்துடுச்சு, இன்னும் வீம்பு மட்டும் போகல,” என்றாள் கல்புபு.

“உன் வாய் இன்னும் ஓட்டத்தை நிறுத்தல பாரு! வியாழக்கிழமை என் வீட்டுக்கு வா, மிச்சத்தையும் காட்டுறேன். எல்லாரும் வாங்க. மூணாவது மாடி. மூச்சு வாங்குனா ரெண்டாவதுல உக்காந்துட்டு வாங்க.”

அப்போதுதான் கல்புபு வாசலைப் பார்த்தாள். “யாரது? உள்ள வா, இல்ல கதவச் சாத்து. குளிருது.”

புருலாய் உள்ளே வந்தாள். கையெழுத்துத் தாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எடுக்கவில்லை.

“நீ எந்த விளையாட்டும்மா?” என்று கேட்டார் எசென்கான்.

“நானா... படிவம்.”

“எத்தனை கிலோ தூக்குவ?”

அரங்கமே சிரித்தது, புருலாயும்தான். வேலையில் சேர்ந்த இந்தப் பதினோரு வருடத்தில், யாரோடாவது சேர்ந்து தானும் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அவளுக்கும் ஒரு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்கள். வண்டி வந்து இரண்டு முறை ஒலி எழுப்பியும் யாரும் எழவில்லை.

மறுநாள் காலை அறிக்கை எழுத உட்கார்ந்தாள். ‘பயனாளிகளின் தனிமை குறைந்ததா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று தயங்காமல் எழுதினாள். அதற்கடுத்த கேள்வி: ‘இதற்காகத் துறை மேற்கொண்ட நடவடிக்கை யாது?’

‘விழிப்புணர்வு உரை’ என்று எழுதி அடித்தாள். ‘முறையான ஆலோசனை’ என்று எழுதி அதையும் அடித்தாள். கட்டத்தில் இன்னும் ஒரு வரிக்குத்தான் இடமிருந்தது. தன் முழுப் பெயரையும் பதவியையும் ஓரத்தில் போட்டுவிட்டு, அழகான கையெழுத்தில் எழுதினாள்:

‘மதியம் ஒன்று பத்துக்குத் துறை எழுந்து சாப்பிடப் போனது.’