முப்பத்தெட்டும் முப்பத்துநான்கும் அறுபத்தொன்பது

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அம்மா அவர்களுக்கு, தங்களிடம் நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்து வரும் பெண்ணின் தகப்பனும், எடைமேடையில் முப்பத்தொரு வருடம் லாரி நிறுத்து ஓய்வு பெற்றவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் கருந்துளைகளும் நலமாக இருக்க வேண்டும். கருந்துளையை எல்லாம் நலம் விசாரிக்கக் கூடாது, அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள் என்று என் மனைவி பக்கத்தில் நின்று சொல்கிறாள். எங்கள் தொழிலில் எழுதியதை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் போட வேண்டும். இத்தனை வினையும் அந்த டிக்கினால் வந்ததுதான், அதனால் கருந்துளைகள் நலமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் தங்கள் ஆய்வு நிலையத்தின் நடைவழியில் என் மகள் மாட்டிய போஸ்டரில் இருபத்திரண்டு தப்பு இருந்ததல்லவா, அந்த இருபத்திரண்டையும் செய்தவன் நான். அவள் இல்லை. "நான்தான் செய்தேன்" என்று தங்களிடம் அவள் சொன்னது பொய். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண் சொன்னதால் தாங்களும் நம்பிவிட்டீர்கள். ஒரு கூட்டல் அட்டவணையை ஒழுங்காகப் போடத் தெரியாதவளை வெளியூர் கருத்தரங்கில் பேச அனுப்ப முடியாது, வேறொரு மாணவரின் பெயரைக் கொடுக்கப் போகிறேன் என்று தாங்கள் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மாதக் கடைசிக்குள் பெயர் போய்விடுமாம். அதற்குள் இந்தக் கடிதம் தங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை.

நடந்தது இதுதான். தங்கள் நிலையத்தில் பெரிய தாள் அச்சடிக்கும் மெஷின் கெட்டுப்போனதால், என் மகள் இங்கே எங்கள் தெருமுனை அச்சகத்துக்கு ஃபைலை அனுப்பிவிட்டு, நீங்கள் போய் வாங்கி மட்டும் வையுங்கள், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எனக்குப் போன் செய்தாள். வாங்கி மட்டும் என்று அவள் அழுத்திச் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. அந்த அச்சகக்காரர் எடைமேடையின் சீட்டுப் புத்தகங்களை இருபது வருடமாக அச்சடித்தவர். எண் என்று வந்துவிட்டால் நான் சொன்னதுதான் அவருக்குக் கடைசி வார்த்தை. நான் போனபோது பெரிய தாள் இன்னும் அடிக்கவில்லை, மாதிரிக்கு ஒரு சின்னத் தாள் எடுத்து வைத்திருந்தார், ஒரு பார்வை பார்த்துவிடுங்களேன் என்று கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்தார். ஒரு பார்வைதான் பார்த்தேன். எனக்குத் தலை சுற்றிவிட்டது. நடுவில் இருபத்துமூன்று வரிசையில் ஒரு அட்டவணை, ஒவ்வொரு வரிசையிலும் முதல் கருந்துளை, இரண்டாம் கருந்துளை, சேர்ந்தபின் எடை. முதல் வரிசை முப்பத்தெட்டு, முப்பத்துநான்கு, சேர்ந்தபின் அறுபத்தொன்பது. அடியில் பார்த்தால் எடையெல்லாம் சூரியன் கணக்கில் என்று போட்டிருக்கிறது. ஒரு சூரியன் எத்தனை டன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கிலோவோ டன்னோ சூரியனோ, முப்பத்தெட்டும் முப்பத்துநான்கும் எழுபத்திரண்டு. மூன்று சூரியனைக் காணோம் என்றால் யாராவது இறக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அம்மா, நான் இருந்த முப்பத்தொரு வருடத்தில் என் மேடையில் எடை காணாமல் போனதில்லை. ஒரு தடவை ஒரு லாரி அறுபது கிலோ குறைந்ததென்று அதை நகரவிடாமல் நிறுத்திவைத்து, கடைசியில் முதல் தடவை நிறுத்தபோது டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்ததையும் இரண்டாம் தடவை டீ குடிக்கப் போயிருந்ததையும் கண்டுபிடித்தவன் நான். அதனால் என் மகள் அவசரத்தில் கோட்டை விட்டிருக்கிறாள் என்று நினைத்துப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். அறுபத்தொன்பதை எழுபத்திரண்டாக்கி ஒரு டிக். இதில் இன்னொரு வேடிக்கை, அந்த அறுபத்தொன்பது அடுத்த வரிசையில் முதல் கருந்துளையாகப் போய் உட்கார்ந்து, முப்பத்தாறோடு சேர்ந்து நூற்றொன்றாக ஆகியிருந்தது. நான் அதையும் எழுபத்திரண்டாக்கி, முப்பத்தாறைக் கூட்டி, நூற்றெட்டு. அந்த நூற்றெட்டு அடுத்த வரிசைக்குப் போய் நாற்பதோடு சேர்ந்து நூற்றுநாற்பத்தெட்டு, அங்கே அவள் போட்டிருந்தது நூற்றுமுப்பத்தாறு. முதல் வரிசையில் மூன்றாக இருந்த என் தப்பு மூன்றாம் வரிசையில் பன்னிரண்டாகி, அட்டவணை முழுக்க இப்படியே வளர்ந்துகொண்டு போயிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் வீட்டுக்கு நடந்து வந்தேன். அச்சகக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. எடைச் சீட்டில் திருத்தமும் டிக்கும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று அவருக்குப் பழக்கமாகிவிட்டதால், எண்களைத் திருத்தியதோடு நிற்காமல் இருபத்திரண்டு டிக்கையும் அதே சிவப்பில் அச்சில் ஏற்றிவிட்டார்.

தாள் சுருளாகக் குழாய்க்குள் இருந்ததால் என் மகள் வீட்டில் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. தங்கள் நடைவழியில் எல்லோருக்கும் முன்னால்தான் பிரித்திருக்கிறாள். தாங்கள் அதைப் பார்த்துவிட்டு, எடை கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால் ஈர்ப்பு அலையே கிளம்பவில்லை என்று அர்த்தம், கிளம்பாத அலையை வைத்துக்கொண்டு எதைப் பற்றிப் பேசப் போகிறாய் என்று கேட்டீர்களாம். அப்புறம் டிக்கைக் காட்டி இது என்ன என்று கேட்டீர்களாம். சரிபார்த்ததற்கு அடையாளம் என்றாளாம். யார் சரிபார்த்தது என்றீர்களாம். டிக்கைப் பார்த்த உடனேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் வீட்டுப்பாடத்தில் அந்த டிக்கைத்தான் பார்த்து வளர்ந்தாள். இருந்தும் "நான்தான் மேடம், என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து, "போஸ்டர் ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா" என்று என்னிடமும் ஒரு பொய் சொன்னாள். நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். அவளோடு அறையில் தங்கியிருக்கும் பெண் என் மனைவிக்குப் போன் செய்து அழுத பிறகுதான் உண்மை தெரிந்தது. என் மனைவி என்னைத் திட்டவில்லை. என் பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தன் தையல் டப்பாவில் போட்டுப் பூட்டிக்கொண்டாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அடுத்த முறை மகள் வந்ததும் கேட்டேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன், ஆனால் வந்தது வேறு. "அந்த மூணு சூரியன் எங்கம்மா போச்சு?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்துவிட்டாள். இரண்டு கருந்துளையும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கிச் சேரும்போது சுற்றியுள்ள வெளியையே உலுக்கிவிடுமாம். அந்த உலுக்கல் அலையாகக் கிளம்பி எல்லாப் பக்கமும் போய்விடுமாம், அந்த அலை எடுத்துக்கொண்டு போனதுதான் மூன்று சூரியன். அதிர்வுக்கு எடை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள். லாரி ஏறும்போதெல்லாம் என் மேடை கிடுகிடுவென்று ஆடும், ஆட்டம் நிற்கிற வரைக்கும் எடையைப் படிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. முப்பத்தொரு வருடம் ஆட்டம் நிற்கக் காத்திருந்தவன் நான், ஆடும்போது படிக்கிற கூட்டம் நீங்கள். யோசிக்க யோசிக்க எனக்கு வியப்பாக இருக்கிறது.

அப்புறம் ஒன்றோடு ஒன்று ஏன் சேர்ந்துகொண்டே போகிறது என்று கேட்டேன். அவள் எழுந்துபோய்க் குளியலறையிலிருந்து என் சோப்பை எடுத்து வந்தாள். கரைந்துபோன வில்லையைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது, புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவேன், அது கரைந்ததும் இன்னொன்றின் முதுகில். அப்போது அது பச்சை, வெள்ளை, ரோஸ் என்று மூன்று அடுக்காக இருந்தது. "இதேதாம்பா" என்றாள். இத்தனை வருடமாக அந்தச் சோப்பைப் பார்த்து முகம் சுளித்த என் மனைவி, வானத்திலும் இதே அசிங்கமா என்று உள்ளே போய்விட்டாள். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் விண்மீன் கொத்துக்குள் கனமான கருந்துளைகள் எல்லாம் மெல்ல நடுவுக்கு இறங்கிவிடுமாம், அங்கே இடிபட்டு ஜோடி சேர்ந்து, மூன்றாவது ஒன்று வந்தால் ஜோடி மாறி, கடைசியில் இரண்டு ஒன்றாகுமாம். அப்படிப் பிறந்தது இரண்டாம் தலைமுறை. அது பம்பரம் மாதிரிச் சுழன்றுகொண்டே இன்னொன்றைத் தேடிப்போய்ச் சேர்ந்தால் மூன்றாம் தலைமுறை. நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றையொன்று தொடாமல் போய்விடும், சரக்கு யார்டுக்குள் வந்துவிட்டால் இடிக்காமல் ஒன்றுகூட வெளியே போகாது, அதனால் எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. ஒரு நட்சத்திரம் செத்து ஐம்பது சூரியனுக்குமேல் எடையுள்ள கருந்துளையை விட்டுப்போவது கடினம், அதற்கேற்ற பெரிய நட்சத்திரம் மிச்சமே வைக்காமல் வெடித்துவிடும், எனவே எண்பது தொண்ணூறு என்று ஒன்று அகப்பட்டால் அது சேர்ந்து பிறந்ததாகத்தான் இருக்கும் என்றாள். ஒரு லாரி தாங்காத சரக்கு சீட்டில் எழுதியிருந்தால் இரண்டு லாரி சரக்கென்று நாங்களும் அப்படித்தான் பிடிப்போம்.

ஆனால் ஒன்று மட்டும் என் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. சேரும்போது அலை ஒரு பக்கமாக அதிகம் கிளம்பினால், புதிதாகப் பிறந்தது எதிர்ப்பக்கம் உதை வாங்குமாம். கொத்து பெரிதாக, கனமாக இருந்தால் இழுத்துப் பிடித்துவைத்துக்கொள்ளும், சிறியதாக இருந்தால் வெளியே எறியப்பட்டுவிடும். எறியப்பட்டது எங்கே போகும் என்று கேட்டேன். "போய்க்கிட்டே இருக்கும்பா. வெளியே கூட்டமே இல்லையே, யாரோட சேரும்?" என்றாள். சொல்லிவிட்டுத் தன் பையை மடித்துக்கொண்டே, பேசப் போக முடியாவிட்டால் இந்த வேலையை விட்டுவிட்டு ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளை உதைத்தது நான். பிடித்துவைத்துக்கொள்ள என்னால் முடியாது, எனக்கு அவ்வளவு கனம் கிடையாது. தங்களுக்கு இருக்கிறது.

ஆகையால் அம்மா, தப்பு முழுவதும் என்னுடையது, என் மகள்மேலும் இல்லை, அச்சகக்காரர்மேலும் இல்லை, தங்கள்மேல் எள்ளளவும் இல்லை. அவள் போட்டிருந்த அத்தனை எண்களும் சரி என்று இப்போது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். முப்பத்தெட்டும் முப்பத்துநான்கும் அறுபத்தொன்பது, யார் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இனிமேல் எனக்குத் தெரியாத விஷயத்தில் மூக்கை நுழைக்க மாட்டேன், யாருடைய அட்டவணையையும் தொடமாட்டேன், சிவப்புப் பேனா தையல் டப்பாவைவிட்டு வெளியே வராது என்று என் மனைவியின் முன்னிலையில் உறுதி சொல்கிறேன். தாங்கள் மனம் இரங்கி அவள் பெயரையே அனுப்ப வேண்டும். தங்கள் ஆராய்ச்சி பல்கிப் பெருகவும், தாங்கள் கேட்கக் காத்திருக்கும் அலைகளெல்லாம் நல்லபடியாக வந்து சேரவும் எங்கள் இருவருடைய வாழ்த்துகள். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
எடைமேடைக்காரர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், தங்களுக்குச் சாட்சியாக அனுப்பலாமே என்று அச்சகத்திலிருந்து அந்த மாதிரித் தாளை வாங்கி வந்து விரித்துப் பார்த்தேன். வரிசை இருபத்துமூன்று, டிக் இருபத்திரண்டு. பத்தொன்பதாம் வரிசைக்கு மட்டும் டிக் இல்லை. நாற்பத்துநான்கு, முப்பத்தொன்று, சேர்ந்தபின் எழுபத்தைந்து. கூட்டல் சரியாக இருந்ததால் அன்றைக்கு அதை விட்டுவிட்டிருக்கிறேன். இன்றைக்கு அதையே மறுபடி கூட்டிப் பார்த்தேன். எடை கொஞ்சம்கூடக் குறையவில்லை, அலையே கிளம்பவில்லை. அந்த எழுபத்தைந்து அப்படியே இருபதாம் வரிசைக்குப் போய் இன்னொன்றோடு சேர்ந்து, இருபத்தொன்றுக்கும் போயிருக்கிறது. மகளுக்குப் போன் செய்து, நாற்பத்துநான்கும் முப்பத்தொன்றும் சேர்ந்தால் எவ்வளவு வரும் என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவள் அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு, எழுபத்தொன்றரை வாக்கில் வந்திருக்க வேண்டும் என்றாள். பிறகு, "அந்த வரிசை மேடம் பழைய கணக்குல இருந்து அவங்க கையால எழுதிக் கொடுத்தது, அதனால நான் சரிபார்க்கலப்பா" என்றாள். பிறகு, இதைப் பற்றித் தங்களுக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் கேட்டாள். செய்து கொடுத்திருக்கிறேன். ஆக, இந்தப் பின்குறிப்பு மட்டும் நான் எழுதியதில்லை. மாதிரித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், எண்ணைத் திருத்திப் பக்கத்தில் ஒரு டிக் போட்டால் போதும், எங்கள் தொழிலில் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தங்களிடம் சிவப்பு மை இருக்குமோ இருக்காதோ என்று என் மனைவியே தையல் டப்பாவைத் திறந்து கொடுத்தாள். பேனாவும் உறைக்குள் இருக்கிறது.