ஓட்டை மண்டைக்குக் கல்யாண நாள்

"இன்னிக்கு என்ன நாள்னு மறந்துட்டியா, ஓட்டை மண்டை?"

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த லோர்னா, ஒரு காலணியைக் கழற்றியபடி நின்றுவிட்டாள். சாப்பாட்டு மேஜையில், விரித்த செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல்.

"மறப்பேனா? நல்லா ஞாபகம் இருக்கே."

"சொல்லு பாப்போம்."

ஏரியிலிருந்து எழுந்த பனிமூட்டம் ஜன்னலை அடைத்து நின்றது. லோர்னாவின் கண்கள் சுவர் நாட்காட்டியைத் தேடின.

"கல்யாண நாள், பஞ்சு மூளை! நம்ம கல்யாண நாள்."

அவளுக்கு உடம்பே கூசிப்போயிற்று. டுலூத் ஊரில் அவளுக்கு வைக்காத பட்டப்பெயர் இல்லை. நூலகத்தில் 'காத்தாடி', தேவாலயத்தில் 'மேகத்துல மிதக்குறவ'. ஒருமுறை காரைக் கடைவாசலில் விட்டுவிட்டு நடந்தே வீடு வந்து, திருடு போய்விட்டதென்று போலீஸைக் கூப்பிட்டவள். அதற்காகக் கல்யாண நாளையா மறப்பது?

கேக் வாங்க ஓடினாள்.

"என்ன பேர் எழுதணும்?" என்றாள் கடைப்பெண்.

லோர்னா வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.

"வந்து... 'அன்பருக்கு'ன்னு எழுதிடும்மா."

கேக்கை மேஜையில் வைத்ததும், செய்தித்தாள் இறங்காமலே சிரிப்பு மட்டும் கேட்டது.

"என் பேரும் மறந்துபோச்சா?"

"சேச்சே! கேக்குல இடம் பத்தலை."

"அப்ப வாயால சொல்லேன்."

"இருங்க, காபி சூடு ஆறிடும்!" என்று, இன்னும் போடாத காபிக்காகச் சமையலறைக்குள் பாய்ந்தாள். சர்க்கரை எவ்வளவு என்பதும் நினைவில்லை. குத்துமதிப்பாக அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்குச் சர்க்கரை ஆகாதே. கொல்லப் பாக்கிறியா?" குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு என்னவோ செய்தது. "பரவாயில்ல. இப்படி வந்து பக்கத்துல உக்காரு. ஒவ்வொண்ணா நான் ஞாபகப்படுத்துறேன்."

"இதோ, கை கழுவிட்டு வந்துடறேன்."

குளியலறைக் கதவைத் தாழிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, அக்கா ஆர்லீனுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, சிரிக்காதே. திட்டவும் திட்டாதே. எங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

வெளியே செய்தித்தாள் மெதுவாக மடிக்கப்படும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது.

"லோர்னா," என்றாள் ஆர்லீன், "நீதான் கல்யாணமே பண்ணிக்கலையேடி."