தனசேகரன் ஹெட்செட் வாங்கப் போனார்

மத்தியானச் சாப்பாடு முடிந்து அக்கடா என்று சோபாவில் சாய்ந்தபோது, தனசேகரனுக்கு அடியில் 'படக்' என்று சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தார். மகள் சுகாசினியின் ஹெட்செட். மைக் தனியாகவும் மற்றது தனியாகவும் கிடந்தது.

"அய்யய்யோ! உக்கார்றதுக்கு முன்னாடி கீழ பாக்க மாட்டீங்களா?" என்று அவர் மனைவி அம்சா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

சுகாசினி திட்டவில்லை. ரெண்டு துண்டையும் ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லப்பா" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட தனசேகரன் தாங்கிக்கொண்டிருப்பார். அந்த 'பரவால்லப்பா'வைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சுகாசினி காலேஜில் ரெண்டாம் வருஷம். டிவியில் மாட்டி ஆடுகிற கன்சோலில், ஐந்து பேர் ஒரு அணியாக ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்று உண்டு. அதில் அவள் கேப்டன். மற்ற நாலு பேரும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் அவரவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிற பையன்கள். ஒருநாள் தனசேகரன் பின்னால் நின்று பார்த்தார். "படியில காலடி கேக்குது. ரெண்டு பேரு. நான் சொல்ற வரைக்கும் யாரும் சுடாதீங்க" என்று இவள் மைக்கில் சொல்ல, நாலு ஆம்பளைப் பசங்களும் மூச்சுக்காட்டாமல் நின்றார்கள். அடேயப்பா, நம்ம பொண்ணா இது! அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மறுநாள் தான் வேலை பார்க்கிற கடையில் புடவை பார்க்க வந்த அத்தனை பேருக்கும் அதைச் சொல்லித் தீர்த்தார்.

இன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு இறுதி ஆட்டம். மைக் இல்லாவிட்டால் கேப்டன் ஊமை.

"ஆன்லைன்ல போட்டா ரெண்டு நாளு ஆவும்பா" என்றாள் சுகாசினி.

"ஆன்லைன் இன்னாத்துக்கு? நான் போயி வாங்கியாறேன். ஏழு மணிக்கு அது உன் தலையில இருக்கும்" என்று சொல்லிவிட்டு, செவிலிமேட்டு வீட்டிலிருந்து ஸ்கூட்டரை விரட்டினார் தனசேகரன்.

தனசேகரனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் இருபத்தாறு வருஷமாக மெத்தையில் உட்கார்ந்து புடவை விரிக்கிறவர். அவரிடம் வந்து வெறுங்கையோடு படியிறங்கியவர் கிடையாது. ஒருதரம் மழைக்கு ஒதுங்கிய ஒரு குடும்பத்துக்கு முகூர்த்தப் புடவையே எடுத்துக் கொடுத்து அனுப்பினார். அப்போது அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளையே பார்த்திருக்கவில்லை. புடவை வந்துவிட்டதே என்று அப்புறம்தான் பார்த்தார்கள். அந்த நாக்கு சாதாரண நாக்கு இல்லை. அதைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. கவுண்டரில் 'தர்மன்' என்று சட்டையில் பெயர் குத்திய ஒருத்தன், முப்பது வயசு இருக்கும், கன்னத்துக்குக் கையை முட்டுக்கொடுத்து நின்றிருந்தான். எதிரில் ஒரு புதுத் தம்பதி. புருஷன் கையில் சிவப்பு விளக்கு எரிகிற ஒரு ஹெட்செட், பெண்டாட்டி கையில் கறுப்பாக, மைக் இல்லாத ஒன்று.

"தம்பி, கன்சோல்ல ஆடறதுக்கு கேமிங் ஹெட்செட் ஒண்ணு குடுப்பா. மைக் வெச்சது" என்றார் தனசேகரன்.

"அந்த சார் கையில இருக்குதே, அதான்ணே. கடைசி பீஸ்" என்றான் தர்மன். "அவங்க வேணாம்னா உங்களுக்கு."

"வேற கடையில கெடைக்குமா?"

"இந்த ஊர்ல நாங்க மட்டும்தாண்ணே வெச்சிருக்கோம்" என்று சொல்லி ஒரு கொட்டாவி விட்டான்.

"ரெண்டுல எதுங்க நல்லது?" என்று அந்தப் புருஷன் தர்மனைக் கேட்டான். அவன் பெயர் விக்ரம்.

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும் சார்."

தனசேகரனுக்கு உடம்பு கூசியது. இப்படியும் ஒரு மனுஷன் வியாபாரம் பண்ணுவானா! இருந்தாலும் அதை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டார். இந்தப் பிள்ளைகள் அந்தக் கறுப்பு ஹெட்போனை எடுத்துக்கொண்டால், சிவப்பு விளக்கு தன் கைக்கு வரும். ஓரமாகப் போய் மகளுக்கு போன் போட்டார்.

"ஏம்மா, மைக் இல்லாம கறுப்பா ஒண்ணு இருக்குதே, அது இன்னாது?"

"அது ஸ்டுடியோ ஹெட்போன்பா. பாட்டு ரெக்கார்டு பண்றவங்க போடுவாங்க. கேமிங் ஹெட்செட்டுல வெடி சத்தத்தைத் தூக்கிக் குடுப்பான். ஸ்டுடியோல அந்த வேலையெல்லாம் இல்ல, சத்தம் உள்ளது உள்ளபடி கேக்கும். எந்தப் பக்கம், எவ்ளோ தூரம், எல்லாம் துல்லியமா தெரியும். ஆனா மைக் கிடையாதுப்பா. அத்த வாங்கிக்கினு வந்துடாதே!"

"நான் ஏம்மா வாங்கறேன்? விக்கப் போறேன்" என்று சொல்லி போனை வைத்தார்.

அப்புறம் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள். தனசேகரன் ரெண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. உக்காருங்க சார். வாங்கலன்னா போவுது, பாக்கறதுக்கு இன்னா?" என்றார். தம்பதி உட்கார்ந்துவிட்டார்கள். அவரிடம் உட்கார்ந்தவர்கள் கதை தெரிந்ததுதான்.

"பட்டுல ரெண்டு தினுசும்மா. ஒண்ணுல ஜரிகையை அள்ளிப் போட்டிருப்பான், தூரத்துலயே கண்ணைப் பறிக்கும். இன்னொண்ணுல நூல் சுத்தம். கிட்ட வந்து பாத்தாத்தான் அதோட அருமை தெரியும். சார் கையில இருக்கிறது மொதல் தினுசு. உங்க கையில இருக்கிறது ரெண்டாவது. தொட்டுப் பாரும்மா."

அந்தப் பெண், பிரியதர்ஷினி, தொட்டுப் பார்த்தாள். தனசேகரன் கறுப்பு ஹெட்போனை வாங்கித் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டு, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டுகிற பழக்கத்தில் வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பிக் காட்டினார். "கடை லைட்டுல எதுவும் தெரியாது. வெளிச்சத்துல வந்து பாருங்க" என்று வாசலுக்கு வேறு கூட்டிப் போனார். ஹெட்போனை எதற்கு வெயிலில் பார்க்க வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மூன்று பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"மைக் இல்லையே சார்?" என்றான் விக்ரம்.

"நீங்க யாருகூடயாவது பேசிக்கினு ஆடுவீங்களா?"

"இல்ல சார். தனியாத்தான். கதை மாதிரி போவுமே, அந்த கேம்."

"அப்ப மைக் எதுக்கு சார்? பேசணும்னா வீட்டுல இந்த அம்மா இருக்காங்க, அவங்ககிட்ட பேசுங்க."

பிரியதர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். கடையில் ஆடிக் காட்ட வைத்திருந்த கன்சோலில் விக்ரமை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார் தனசேகரன். திரையில் மழை பெய்தது. விக்ரம் சட்டென்று முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பிரியா! குதிரை பின்னாடி வருது!"

"அதான் சார் ஸ்டுடியோ" என்றார் தனசேகரன், ஏதோ அந்தக் குதிரையையே தான் வளர்த்தது போல.

"இதையே பில் போடுங்க" என்றான் விக்ரம். சார்ஜர் வாங்க வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தர், "எனக்கும் ஒண்ணு" என்றார்.

தனசேகரன் வெற்றியோடு சிவப்பு விளக்கு ஹெட்செட்டை எடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் பிரியதர்ஷினி அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இது எனக்கு சார். நான் என் தங்கச்சிகூட பேசிக்கினேதான் ஆடுவேன், எனக்கு மைக் வேணும் இல்ல? நீங்க சொன்ன பிறகுதான் யாருக்கு எதுன்னே புரிஞ்சுது. இவ்ளோ பொறுமையா யாரும் சொன்னதே இல்ல. ரொம்ப தேங்க்ஸ் சார்!"

ரெண்டு பெட்டியும் படியிறங்கிப் போயின. தனசேகரன் நீட்டிய கையை மடக்கக்கூட மறந்து நின்றார்.

"ஒரு வழி இருக்குதுண்ணே" என்றான் தர்மன், கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே. "நேத்து ஒருத்தர் இதே மாடல் வாங்கிக்கினு போனாரு. வேணாமாம். திருப்பிக் குடுக்க அஞ்சரைக்கு வராரு. அத்த நீங்க எடுத்துக்குங்க."

போன உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து சுகாசினி கூப்பிட்டாள். "வாங்கிட்டியாப்பா?"

"வாங்கின மாதிரிதாம்மா. நீ போயி கை கால் கழுவிக்கினு ரெடியா இரு."

அஞ்சரை மணிக்குச் சரியாக ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். துரைக்கண்ணு என்று பெயர், திருமுக்கூடல்காரர், ரிட்டையரான பிறகு கார் ரேஸ் விளையாட்டில் இறங்கியவர்.

"தம்பி, இது நமக்கு ஒத்து வராதுப்பா. காது எரியுது. என்ஜின் சத்தம் மண்டையில இடிக்குது. திருப்பி எடுத்துக்கோ."

தனசேகரன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவருக்கும் அது தெரிந்தேயிருந்தது. கர்ச்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மகளின் முகத்தை நினைத்துக்கொண்டார்.

"சரிங்க சார், குடுங்க" என்றான் தர்மன்.

அவ்வளவுதானா? ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? வாங்கின பொருளைத் திருப்பிக் கொண்டுவந்தவரிடம் 'குடுங்க' என்று கையை நீட்டுகிறானே, இவனெல்லாம் ஒரு சேல்ஸ்மேனா! தனசேகரனின் இருபத்தாறு வருஷ ரத்தம் கொதித்தது. கர்ச்சீப் எப்போது கீழே விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

"ஐயா, ஒரு நிமிஷம். இத்த எப்பிடி மாட்டினீங்க? மாட்டிக் காட்டுங்க."

போச்சு.

தலைப்பட்டையை ரெண்டு பல்லு தளர்த்தினார். உச்சத்தில் வைத்திருந்த சத்தத்தைப் பாதியாக இறக்கினார். "அரை மணிக்கு ஒருவாட்டி கழட்டி காதுக்கு காத்து வுடுங்க. புதுப் பட்டு மொதல் நாளு மொடமொடன்னுதான் நிக்கும் ஐயா. நாலு வாட்டி கட்டினா உடம்போட படியும். அதுக்குன்னு கடையில கொண்டாந்து குடுத்துடுவாங்களா?" என்றார். பெரியவரை உட்காரவைத்து ஒரு ரேஸ் ஓடவிட்டார். மூன்றாவது வளைவிலேயே துரைக்கண்ணுவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பின்னால வர்ற வண்டி லெப்ட்ல ஏறுதுன்னு காதுலயே தெரியுதுப்பா! நான்தான் மாட்டத் தெரியாம மாட்டியிருக்கேன்." தனசேகரனின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும்."

பெரியவர் மஞ்சள் பையோடு படியிறங்கிப் போவதைத் தனசேகரன் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பை கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் அதற்குள் என்ன போகிறது என்று உறைத்தது. ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மணி ஆறு. போன் அடித்தது. சுகாசினி. அவர் எடுக்கவில்லை.

"தம்பி" என்றபோது குரல் உடைந்துவிட்டது. "நாலு மாசமா ராப்பகலா ஆடி இந்த ஆட்டத்துக்கு வந்திருக்குது எம் பொண்ணு. இருந்த ஒண்ணையும் நானே உக்காந்து ஒடச்சேன். கைக்கு வந்தது ரெண்டையும் என் வாயாலயே வித்துட்டேன். எந்த மூஞ்சியை வெச்சிக்கினு வீட்டுக்குப் போவேன்?"

தர்மன் முதல்தடவையாகக் கன்னத்திலிருந்து கையை எடுத்தான். நிமிர்ந்து நின்றான். தூக்கம் வழிந்த அந்தக் கண்ணில் இப்போது பக்தி இருந்தது.

"என்னைத் தெரியலயாண்ணே? போன தை மாசம் என் கல்யாணத்துக்கு உங்ககிட்டதான் புடவை எடுத்தோம். மூணு எடுக்க வந்தோம். பதினொண்ணு எடுத்துக்கினு போனோம். இன்னி வரைக்கும் எங்க வீட்டுல ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்ல. அன்னிக்கே நெனச்சேன், வியாபாரம்னா இதுதான்டான்னு."

உள்ளே போனான். பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ரெண்டு கையாலும் அவரிடம் கொடுத்தான். அதே மாடல். மைக் வைத்தது.

தனசேகரன் பெட்டியைப் பார்த்தார். தர்மனைப் பார்த்தார். "இன்னாப்பா இது? கடைசி பீஸ்னு சொன்னியே?"

"உள்ளாற இன்னும் ரெண்டு டஜன் இருக்குதுண்ணே. வந்த உடனே ஒண்ண எடுத்துக் குடுத்திருந்தா, நீங்க அப்பவே கெளம்பிப் போயிருப்பீங்களே!"