கொள்கையும் ஜன்னலோர இருக்கையும்

இனி என் வாழ்நாளில் விமானத்தில் கால் வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். இதுவரையிலும் வைத்ததில்லை என்பது இந்த முடிவின் பெருமையைக் கொஞ்சமும் குறைக்காது.

அறிவிப்பைச் சாப்பாட்டு மேசையில் வெளியிட்டேன். கேட்க என் மனைவி மட்டும் இருந்தாள். மகள் கடல் தாண்டி ஒரு குளிர் நாட்டில், பிறந்து இருபத்தெட்டு நாளான பெண் குழந்தையோடு எங்களுக்காகக் காத்திருந்தாள்.

"பூமி சூடாகுது," என்றேன். "நாம ஒரு தடவை போய் வர எரியற எண்ணெயில, நான் வருஷம் பூரா நூலகத்துக்கு நடந்தே போனதெல்லாம் வீணாயிடும்."

"நூலகம் அடுத்த தெருவுலதானே இருக்கு?"

"தூரமா முக்கியம்? கொள்கைதான் முக்கியம்."

"நாம ஏறலைன்னா விமானம் பறக்காதா?"

"எல்லாரும் இப்படியே நினைச்சா?"

"எல்லாரும் நினைச்சு முடிக்கட்டும். கடைசியா நீங்க நினைங்க."

நான் அந்த நூலகத்தில் வேலை பார்ப்பவன். யார் எதைக் கேட்டாலும் மூன்று புத்தகங்களை எடுத்துக் கொடுப்பேன். மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடும். இந்த விஷயத்திலும் அதே கதைதான். உலகத்துப் புகையில் விமானங்களின் பங்கு சிறிது என்றது ஒரு புத்தகம். தனி மனிதன் விடும் புகையில் ஒரு நீண்ட பயணமே பெரும்பங்கு என்றது இன்னொன்று. தனி மனிதனை விடு, ஆலைகளையும் அரசுகளையும் போய்க் கேள் என்றது மூன்றாவது. மூன்றையும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து படித்தேன். அந்த மின்விசிறி நிலக்கரியால் சுற்றுகிறது. இந்த ஆண்டு வெயில் மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. வந்ததா, தோன்றியதா என்று கேட்டால், அதற்கும் ஒரு புத்தகம் தேட வேண்டும்.

இன்னொன்றையும் உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கு உயரம் என்றால் நடுக்கம். மேல் தட்டில் இருக்கும் புத்தகத்தை யாராவது கேட்டால், அதை வேறு யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். ஆக, என் மறுப்பில் கொள்கை எவ்வளவு, பயம் எவ்வளவு? சத்தியமாக எனக்கே தெரியாது. இரண்டும் எனக்குள் ஒரே குரலில் பேசின.

என் மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஆளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அங்கே சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதை இலவசமாகச் செய்கிறாள். என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி," என்றாள்.

அவள் சண்டை போட்டால் சமாளித்துவிடுவேன். "சரி" என்றால்தான் ஆபத்து.

மறுநாள் மகள் வீடியோவில் அழைத்தாள். "அப்பா, இங்க பாருங்க, கொட்டாவி விடறா!"

பார்த்தேன். உள்ளங்கை அளவு முகம். அதற்குப் பின்னால் ஏதோ நீலமாக எரிந்தது.

"அது என்னம்மா?"

"கேஸ் ஹீட்டர்ப்பா. இது இல்லைன்னா நாங்க உறைஞ்சே போயிடுவோம்."

முந்தின நாள் நான் திட்டிய எண்ணெயின் தம்பியான எரிவாயு, என் பேத்தியின் கன்னத்தைச் சிவக்க வைத்துக்கொண்டிருந்தது. திட்டவும் வாய் வரவில்லை, நன்றி சொல்லவும் வரவில்லை.

"இவ பெரியவளாகும்போது அங்க குளிர்னு ஒண்ணு இருக்குமோ என்னவோ," என்று முனகினேன்.

"அதுக்குள்ளயாவது வந்து பார்த்துடுங்கப்பா," என்றாள் மகள்.

மூன்றாம் நாள், துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "இனி உங்களுக்குக் கவலையில்ல. அவங்களே இங்க வராங்க."

"யாரு?"

"பொண்ணு, மாப்பிள்ளை, குழந்தை, சம்பந்தி ரெண்டு பேர். ஆக அஞ்சு."

"கைக்குழந்தைக்குத் தனி இருக்கை கிடையாது. நாலுன்னு சொல்லு."

"நாலு. உங்க புத்தக அறையைத்தான் சம்பந்திக்கு ஒழிச்சுக் குடுக்கணும்."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். நாங்கள் போனால் இரண்டு இருக்கைகள். அவர்கள் வந்தால் நான்கு. கொள்கைப்படி பார்த்தால் நான் பறப்பதுதான் பூமிக்கு நல்லது. புத்தக அறை தப்பிப்பது தற்செயல்.

"இரு, இரு! நாம போனா பாதிப் புகைதானே?"

"ஐயோ, வேண்டாங்க. கொள்கைன்னு சொன்னீங்களே."

"கொள்கைப்படிதான் சொல்றேன்!"

"அவங்க ஏறலைன்னாலும் விமானம் பறக்கத்தானே போகுது?"

"எல்லாரும் இப்படியே நினைச்சா?"

"வேண்டாங்க. உங்களைக் கட்டாயப்படுத்தின பாவம் எனக்கு எதுக்கு?"

ஒரு மணி நேரம் வாதாடினேன். மூன்று புத்தகங்களிலிருந்தும் எடுத்துக் காட்டினேன். கடைசியில் கெஞ்சினேன். அரை மனதோடு, "சரி, உங்களுக்காக," என்றாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடங்களில் நான் ஜெயித்த முதல் விவாதம் அது.

அடுத்த மாதம் விமானத்தில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலோர இருக்கையைப் பெருந்தன்மையோடு எனக்குத் தந்திருந்தாள். இயந்திரம் உறுமியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"பரவாயில்ல. நாலு பேர் பறக்கறதைத் தடுத்திருக்கோம்."

"அவங்க எங்க பறக்கறது? குழந்தைக்கு இன்னும் பாஸ்போர்ட்டுக்கே எழுதிப் போடலை."

கண்ணைத் திறந்தேன். கீழே தரை இல்லை. மூடிக்கொண்டேன்.

"வராங்கன்னு சொன்னியே!"

"வராங்கதான். அடுத்த வருஷமோ, அதுக்கடுத்த வருஷமோ. எப்போன்னு நீங்க கேட்கவே இல்லையே. படிச்ச மனுஷர் கேட்டுடுவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

"அப்போ ரெண்டும் நாலும் சேர்ந்து ஆறு இருக்கையாச்சே!"

"கணக்கெல்லாம் உங்க இலாகா."

வெகுநேரம் கழித்துக் கீழே பார்க்கத் துணிந்தேன். ஏதோ ஒரு நகரம் வெளிச்சமாகக் கொட்டிக் கிடந்தது. ஒவ்வொரு புள்ளியிலும் யாரோ ஒருவர் படிக்கிறார், சமைக்கிறார், குழந்தைக்குக் கதகதப்பு தேடுகிறார். யாரையும் குற்றவாளி என்று சொல்ல முடியவில்லை. அவர்கள் எல்லோருக்கும் மேலே, எல்லோரையும்விட அதிகமாக எரித்துக்கொண்டு நான் போய்க்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றேன். "நான் வரமாட்டேன்னு சொன்னது பயத்தாலயா? நிஜமாவே பூமிக்காகவா?"

"இதைக் கண்டுபிடிக்கப் புத்தகமா வேணும்? பயம்னா, இறங்கினதும் போயிடும். கொள்கைன்னா, இறங்கின பிறகும் இருக்கும். அப்போ பார்த்துச் சொல்லுங்க." சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

இறங்கினோம். பெட்டிகள் வரும்வரை என்னை நானே சோதித்துப் பார்த்தேன். நடுக்கம் போயிருந்தது. ஆனால் இன்னொன்று நெஞ்சில் கனமாக அப்படியே உட்கார்ந்திருந்தது. விடை தெரியாத கனம்தான், ஆனாலும் நிஜம். என்னை நானே நம்பியது அன்றுதான்.

"பயம் போயிடுச்சு!" என்றேன் பெருமையாக. "கொள்கை அப்படியே இருக்கு!"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது; அதற்குள் உயரமான நடைபாலம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. மூன்று பெட்டிகளையும் என் பக்கம் தள்ளிவிட்டு மனைவி சொன்னாள்:

"இருக்கும்னு தெரியும்ங்க, அதனாலதான் காரை எடுத்துட்டு வர வேண்டாம்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், பஸ் நிறுத்தம் அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கமாம்."