மூச்சுக்கு மதிப்பெண் இல்லை

வரைபடக்காரர்கள் சோம்பல்பட்டு விட்டுவிட்ட ஒரு மூலையில் நிதானபுரி என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மக்களிடம் ஒரு வழக்கம். யார் என்ன கேட்டாலும் ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். உங்களை மதித்து யோசிக்கிறேன் என்பதற்கு அந்த ஒரு மூச்சுதான் அடையாளம். சட்டென்று பதில் சொல்கிறவனுக்கு அங்கே துடுக்கன் என்று பெயர். மன்னரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாரும் போட்டியிடுவதில்லை என்பதால் அதில் குழப்பம் வந்ததில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் அக்கரை நாடு. அங்கே கல்குவாரிகள் இருந்தன. கல் உடைக்கப் போகிற ஆண்களுக்குத் தேர்வு எதுவும் கிடையாது, கைகால் திடமாக இருந்தால் போதும். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள்தான் அக்கரை மொழித் தேர்வில் தேறவேண்டும் என்று இரு நாட்டு மன்னர்களும் கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டவர்களுக்கே தெரியாது.

வடிவழகி துறைமுக மருத்துவமனையில் செவிலி. அக்கரை மாலுமிகளுக்குக் கட்டுப்போட்டுக் கட்டுப்போட்டே அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டவள். அவள் கணவன் திருமேனி குவாரிக்குப் போய் ஆறு ஆண்டுகள். கல்தூசி நெஞ்சில் இறங்கிப் படுத்துவிட்டான். கடிதம் எழுதியிருந்தான்.

"வடிவு, மருந்தெல்லாம் குடுக்குறாங்க. நீ ஒருதரம் வந்து பக்கத்துல உக்காந்தா போதும்."

அவள் தேர்வு எழுதினாள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வரை மதிப்பெண். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்து, வருவதைப் பக்கத்திலிருக்கும் அரைக்கோ முழுமைக்கோ தள்ளிவிடுவார்கள். ஏழு வந்தால் கப்பல் ஏறலாம். அவளுக்குக் கேட்டலில் எட்டு, வாசித்தலில் ஏழு, எழுதுதலில் ஆறரை, பேசுதலில் ஐந்து. வகுத்தபோது ஆறரையைத் தாண்டிக் கொஞ்சம் வந்தது. அந்தக் கொஞ்சத்தைத் தட்டிவிட்டு ஆறரை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நான்கு மாதம் கழித்து மறுபடி எழுதினாள். வாசித்தலிலும் எழுதுதலிலும் அரை அரை கூடிற்று. இம்முறை தள்ளியது மேல்நோக்கி, சரியாக ஏழு. சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினாள். முந்தின வாரம்தான் புது ஆணை வந்திருந்தது: இனி ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக ஆறு வேண்டும். நிறையப் பேர் தேறினால் தேர்வுக்கு என்ன மரியாதை என்று மன்னர் கேட்டாராம்.

பேசுதலில் அவளுக்கு மறுபடியும் ஐந்துதான். தேர்வுத் துறைக்குத் தலைவரான மதிப்பெண் நாயகம் சபாரத்தினரைப் போய்ப் பார்த்தாள்.

"ஐயா, நான் தெனமும் அவங்க பாசையிலதான் பேசுறேன். என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

நாயகம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அம்மணி, தங்கள் சொல்வளம் சிறப்பு. உச்சரிப்பும் குறைவில்லை. ஆயினும் ஒவ்வொரு வினாவுக்கும் முன்பாகத் தாங்கள் மௌனம் காத்திருக்கிறீர்கள். அளவுகோலின்படி மௌனம் என்பது மொழி தெரியாமை."

"அது மரியாதைங்கய்யா. நீங்களும் இப்ப ஒரு மூச்சு விட்டுட்டுத்தானே சொன்னீங்க?"

நாயகம் திடுக்கிட்டார். அன்றே அறிக்கை மேலே போனது. மறு வாரம் இடைமூச்சு ஒழிப்புச் சட்டம் வந்தது. நாட்டின் பின்னடைவுக்கு இந்த மூச்சே காரணம் என்று மன்னர் மூச்சுவிடாமல் இரண்டு மணி நேரம் பேசினார்.

அடடா, அந்த ஆண்டை நினைத்தால்! தெருவுக்குத் தெரு மூச்சுக் காவலர் நின்றார்கள். நீதிபதிகள் வழக்கைக் கேட்டு முடிக்கும் முன்பே தீர்ப்புச் சொன்னார்கள். பெண் பார்க்கப் போன இடங்களில் கைகலப்பு நடந்தது. வைத்தியர் என்ன நோய் என்று கேட்டுக்கொண்டே மருந்தைக் கையில் திணித்தார், மூன்று பேர் செத்துப்போனார்கள். அந்த ஆண்டுதான் தேர்தலும் வந்தது. அரசு தன்னையும் அதே அளவுகோலால் அளந்து பெருமையாக வெளியிட்டது: சோறு மூன்று, தண்ணீர் இரண்டு, வைத்தியம் மூன்று, மேடைப்பேச்சு ஒன்பது. கூட்டி வகுத்தால் நாலே கால். மேலே தள்ளி நாலரை ஆக்கினார்கள். அரசுக்குத் தேர்ச்சி வரம்பும் நாலரைதான். பகுதிக்குப் பகுதி தனி வரம்பு மக்களுக்கு மட்டும்தான் என்று சட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தது.

வடிவழகி வீட்டுச் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகினாள். என்ன பழகியும் யாராவது எதிரே வந்து கேட்டால் அந்த மூச்சு தானாக வந்து நின்றது. பாவம், பிறந்ததிலிருந்து வந்த பழக்கம் எங்கே போகும்? திருமேனியின் கடிதங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. கடைசிக் கடிதத்தில் ஒரே வரி. "எப்ப வருவ?"

மூன்றாம் தேர்வன்று மண்டப வாசலில் தபால்காரர் அவளை நிறுத்தி ஓர் உறையைக் கொடுத்தார். குவாரிக் கணக்கர் எழுதியிருந்தார். திருமேனி இறந்து ஒன்பது நாள். அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

அவள் உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

"நீங்கள் சந்திக்க விரும்பும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் தேர்வாளர்.

அவள் மூச்சு இழுக்கவில்லை. இழுத்திருந்தால் அழுதிருப்பாள். அவன் சாப்பிடும்போது முதல் கவளத்தை ஓரமாக வைப்பது, அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சியைக் கருக வைத்தது, கப்பலேறும்போது திரும்பிப் பார்க்காமல் போனது, எல்லாவற்றையும் அக்கரை மொழியில் கொட்டினாள். மணற்கடிகை தீர்ந்தும் நிறுத்தவில்லை. தேர்வாளர் கையமர்த்த வேண்டியிருந்தது.

பேசுதலில் ஒன்பது. அந்நாட்டில் அதுவரை யாரும் எடுக்காத ஒன்பது! இடைமூச்சு ஒழிப்புச் சட்டத்தின் மாபெரும் வெற்றி என்று அவள் படத்தைச் சந்திக்குச் சந்தி ஒட்டினார்கள். நாயகம் நேரில் வந்து மாலை போட்டார். "அம்மணி, ரகசியம் என்ன? நம் மக்களுக்கும் சொல்லுங்களேன்!"

அவள் மாலையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினாள்.

அக்கரையில் இறங்கினாள். மூட்டை தூக்கியவர், வண்டி ஓட்டியவர், குவாரி மருத்துவமனையில் தரை துடைத்தவர், எல்லாரும் நிதானபுரிக்காரர்கள். யாரும் அவளிடம் அக்கரை மொழியில் ஒரு சொல் பேசவில்லை. மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த மயானத்தின் வாயிலில் காவலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இங்க அவங்க பாசை பேசணுமாய்யா?" என்று கேட்டாள்.

"இங்க வந்து பதினாறு வருசமாச்சு தாயி. எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் பேசச் சொன்னதில்ல." அவர் எழுந்து கதவைத் திறந்தார். "நீங்க யாரப் பாக்கணும்?"

வடிவழகி ஒரு மூச்சு இழுத்தாள். அது நீண்டுகொண்டே போனது. காவலாளி அவசரப்படுத்தவில்லை. அவள் பதில் சொல்கிறவரை கதவைப் பிடித்தபடி நின்றார்.