மஞ்சள் தடவிய க்யூஆர் கோடு

தெரிந்ததைவிட இரண்டு மடங்கு பேசுகிறவன் கையில் கல்யாணப் பத்திரிகை வேலையைக் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் என் கையில் கொடுத்தார்கள். அக்கா கல்யாணம் அது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

பரமத்தி வேலூரைத் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே புதிதாகக் கட்டிய மண்டபம். வழி சொல்லி மாளாது. நானே ஒரு க்யூஆர் கோடு செய்தேன். போனைக் காட்டினால் மேப்பில் மண்டபம் வந்துவிடும். ("வழியெல்லாம் எதுக்குங்கப்பா அச்சடிச்சுக்கிட்டு?" என்று அந்த வரிகளை எடுக்க வைத்த புண்ணியவானும் நானே.) அந்தக் கோடைச் சுற்றி வெள்ளை இடம் விட வேண்டும் என்று படித்திருந்தேன். அழகு போய்விடுமே என்று விடவில்லை. சதுரப் பத்திரிகையின் முன்பக்கம் முழுக்க, ஓரம் வரைக்கும் கோடுதான்.

"புள்ளையார் எங்க சாமி?" என்றாள் அம்மா.

"உள்ளார இருக்காருங்கம்மா."

அச்சாகி வந்ததும் போனைக் காட்டினேன். உடனே வேலை செய்தது. "அழுக்குப் பட்டாலும் ஸ்கேன் ஆகும்" என்று சொந்தக்காரர்களுக்கு வகுப்பே எடுத்தேன்.

அப்புறம் அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள். "மஞ்ச தடவாம குடுத்தா கருமாதிக் காயிதமாட்ட இருக்கும் சாமி." நானும் உட்கார்ந்து நாலு மூலையிலும் மஞ்சளைத் தடவி, மேலே குங்குமத்தையும் அப்பினேன். நடுவில் கொஞ்சம் கறை பட்டால் கோடு தாங்கும். மூலைகளில் இருக்கிற மூன்று பெரிய கட்டங்கள் மறைந்தால் போனுக்கு அது கோடு என்றே தெரியாது. அந்தக் கட்டங்களைத்தான் பக்தியோடு மூடிக்கொண்டிருந்தேன். மறுபடி ஒன்றையாவது ஸ்கேன் செய்து பார்த்தேனா? இல்லை.

முகூர்த்தத்தன்று பாதி நாற்காலி காலி. லாரி ஓட்டும் தாய்மாமன், லோடு இறக்கிவிட்டு நேராக வருவதாக ஏற்பாடு. அவர் மாலை போடாமல் அக்கா மணவறைக்குப் போக முடியாது. அவரைக் காணோம். கடைசியில் போன் வந்தது.

"மாப்ள, காட்டிக் காட்டிப் பாக்கறன், ஒண்ணும் வரமாட்டேங்குது!"

"எங்க இருக்கீங்க மாமா?"

"வாழத் தோட்டத்துல."

"எந்தத் தோட்டமுங்க?"

"எனக்கென்னடா தெரியும்? எல்லாமே வாழதான்! மாமனுக்கு வழி தெரியும்னு ஊர்க்காரங்க காரு பூரா எம் பின்னால வந்து நிக்குது. லாரியத் திருப்ப எடமில்ல!"

வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பினேன். ஆனால் கடைசிக் காரிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்தால்தானே லாரி நகரும்? அலங்கார அறையில் அக்கா தேம்பிக்கொண்டிருந்தாள். "எம் மாமன் வராம நான் எந்திரிக்க மாட்டேன்." அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. கதவோரம் நின்று கூனிக் குறுகினேன்.

முகூர்த்தம் முடியப்போகும் நேரத்தில் மாமா காக்கிச் சட்டையோடு ஓடி வந்து மாலையைப் போட்டார். தாலி ஏறியது.

ஆல்பத்தில் தாலி ஏறும் படத்தில் அக்காவின் கண்கள் வீங்கிச் சிவந்திருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள், "பொறந்த ஊட்ட உட்டுப் போறமேன்னு அழுதியாக்கும்?" என்று உருகுவார்கள்.

அக்கா சிரிக்காமல் என்னைக் கை காட்டுவாள்.

"இல்லீங்க. இவன் வழி காட்டுனானுங்க."