மோட்டர் இல்லாத கெமராவும் மோட்டர் இல்லாத லென்ஸும்

மஹய்யாவ,
கண்டி.
2008 கார்த்திகை மாதம்

கட்டாரில் லொறி ஓட்டும் மதிப்புக்குரிய மச்சான் ராஜரத்தினம் அவர்களுக்கு,

அத்தான் சின்னமுத்து சொல்லச் சொல்ல, கொமியூனிகேஷன் கடை முஹைதீன் நானா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே யாவரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும் முதுகு வலியையும் முதலாளியின் குணத்தையும் அறிய ஆவல். சுகம் என்று எழுதியது கடிதத்துக்கு உரிய மரியாதைக்காக. உள்ளதைச் சொன்னா, உங்க அக்கா பேச்சியம்மா என்னோட பேச்சு இல்ல. மக சாந்தகுமாரி அவ புருஷனோட பேச்சு இல்ல. மாப்பிள்ளை யோகராஜா யாரோடயும் பேசாம, உடுப்புப் பெட்டிய தூசி தட்டி கட்டில் மேல வச்சிருக்காரு. இம்புட்டுக்கும் காரணம் நீங்க அன்பா அனுப்பிவச்ச லென்ஸ். குறை சொல்றதுக்காக எழுதுறேன்னு நீங்க நினைக்கக் கூடாது. குறை சொல்லத்தான் எழுதுறேன், ஆனா நீங்க அப்படி நினைக்கக் கூடாது.

பல்லேகல கார்மென்ட்ஸ்ல ஆள் குறைச்சப்ப மாப்பிள்ளைக்கு வேலை போனது உங்களுக்குத் தெரியும். கொழும்புல கொட்டாஞ்சேனைப் பக்கம் கூட்டாளி ஒருத்தன் கடையில வேலை இருக்கு, வந்து லொட்ஜுல தங்குன்னு கூப்பிட்டான். போன வருஷம் அங்க லொட்ஜுல இருந்த நம்ம தமிழ்ச் சனத்த பொலிஸ் பஸ்ஸுல ஏத்தி ஊர விட்டே அனுப்புனத மறந்துட்டு இவரும் கெளம்ப நின்னாரு. அந்த நேரம் பாத்து நீங்க போன் எடுத்தீங்க. எனக்கு எழுத்து தெரியாது மச்சான், ஆனா காதுல விழுந்தது எதுவும் இதுவரைக்கும் வெளிய போனதில்ல. நீங்க சொன்னது இது: "அத்தான், புதுசா பழகுறவங்களுக்குன்னே செஞ்ச டிஜிட்டல் கெமரா ஒண்ணு மலிவா கெடச்சிருக்கு. லென்ஸ் இல்லாம குடுக்கிறான். லென்ஸ பின்னால அனுப்புறேன். அதே கம்பனி லென்ஸ் எதுவா இருந்தாலும் பொருந்தும். மாப்பிள்ளை கல்யாண வீட்டுக்குப் படம் எடுத்துப் பொழைக்கட்டும்." நீங்க 'பொருந்தும்'னு சொன்னப்ப பின்னால ஒரு லொறி ஹோர்ன் அடிச்சுது, நீங்க அரபியில ஏசுனீங்க. அந்த ஏச்சும் ஞாபகம் இருக்கு, முஹைதீன் நானா அதை எழுத மாட்டேங்கிறாரு.

கெமரா வந்துச்சு. கண்ணில்லாத கெமராவ சாமிப்படத்துக்குப் பக்கத்துல வச்சு நாங்க காத்திருந்தோம். பொறகு லென்ஸ் வந்துட்டுது, கலகெதரயில உங்க கூட்டாளி வீட்டுல இருக்குன்னு தகவல் வர, நானே பஸ் ஏறிப் போனேன். உங்க கூட்டாளி அதை பனியன்ல சுத்தி, அதுக்கு மேல துவாய சுத்தி, அதுக்கு மேல பேப்பர சுத்தி, ஒரு முழம் நீளத்துக்கு ஒரு உருளையா ஆக்கி என் கையில குடுத்தாரு. இந்தக் காலத்துல ஒரு தமிழன் கையில எதைக் குடுக்கக் கூடாதோ, சரியா அந்த உருவம். திரும்பி வர்றப்ப செக்பொயின்ட்ல எல்லாரையும் இறக்குனாங்க. ஆமிக்காரப் பொடியன் உருளையத் தொட்டான், தொட்ட கைய எடுத்தான், இன்னும் ரெண்டு பேரக் கூப்பிட்டான். நான் சிங்களத்துல, "கெமராவுக்குப் போடுற கண்ணு மாத்தயா, மருமகனுக்கு"ன்னு சொன்னேன். மெதுவா பிரிச்சுப் பாத்தாங்க. பெரியவன் அதைக் கைய நீட்டிப் பிடிச்சு, ஒரு கண்ண மூடிக்கிட்டு ரோட்டப் பாத்தான். "என்ன சீயா இது, எல்லாம் தலைகீழா தெரியுது?"ன்னு, தாத்தா முறை வச்சுக் கேட்டான். லென்ஸுல பிழை இருக்காது மாத்தயா, நாட்டத்தானே பாக்குறீங்கன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். பஸ்ஸுல இருந்தவங்க எல்லாம் எனக்காகக் காத்துக்கிட்டு நின்னு, ஏறுனதும் எனக்கே ஏசுனாங்க.

வீட்டுக்குக் கொண்டாந்து மாட்டுனோம். டக்குன்னு பொருந்துச்சு மச்சான், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா பொத்தான அமத்தினா லென்ஸ் அசையல. படம் எடுக்குது, எடுத்தது எல்லாம் பனிமூட்டம். உங்க அக்கா கண்ணேறுன்னு சொல்லி எலுமிச்சம்பழம் வெட்டுனா. பழம் வெட்டுறதயும் மாப்பிள்ளை படம் எடுத்தாரு, அதுவும் பனிமூட்டம். கடைசியா டவுன்ல கெமரா திருத்துற மஹ்மூத் கிட்ட கொண்டு போனோம். அவரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு சிரிச்சாரு.

"ரெண்டுமே நல்ல சாமான். ரெண்டுலயும் பழுதில்ல."

"அப்ப ஏன் தம்பி வேலை செய்யல?"

"இது பழைய ரக லென்ஸ். தானா ஃபோகஸ் ஆகும், ஆனா அதைத் திருப்புற மோட்டர் கெமராவுக்குள்ள இருக்கணும். உங்கட கெமரா பழகுறவங்களுக்குச் செஞ்சது, மலிவாகட்டும்னு மோட்டர எடுத்துட்டான், லென்ஸுக்குள்ள இருக்கும்தானேன்னு. லென்ஸ் நெனைக்குது கெமரா தள்ளும்னு. கெமரா நெனைக்குது லென்ஸே பாத்துக்கும்னு."

எனக்கு உடனே வெளங்கிருச்சு மச்சான். நீங்களும் நானும் கதிர்காமத்துக்கு நடந்து போனமே, அரிசி மூட்டை உங்ககிட்ட இருக்குன்னு நானும், என்கிட்ட இருக்குன்னு நீங்களும் நெனச்சு, ஆத்தங்கரையில கல்லக் கூட்டி, அடுப்ப மூட்டி, தண்ணியக் கொதிக்கவச்சு, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்தோமே, அதேதான்.

"கையால வளையத்தத் திருப்பி எடுக்கலாம்"னு மஹ்மூத் சொன்னாரு. யாரு கையால? யாரு கண்ணால? மாப்பிள்ளை கண்ணாடிய உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தன்னைக்கு மாமியார்னு நெனச்சு தவில்காரர் சம்சாரம் கால்ல விழுந்து எழும்பினவரு. அவரு வளையத்தத் திருப்பி முடிக்கிறதுக்குள்ள, எதிர்ல நிக்கிறவங்க சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்துருவாங்க.

இதுக்குள்ள மாப்பிள்ளை பலசரக்குக் கடை நடராஜா முதலாளி மக கல்யாணத்துக்கு ஓடர் எடுத்துட்டாரு. முதல் ஓடர். இது பிழைச்சா கொழும்புக்குப் போறதுதான் வழின்னு அவரே வாயால சொன்னாரு. அதனால நான் ஒரு வேலை செஞ்சேன். வீட்டு முத்தத்துல உங்க அக்காவ முன்னுக்குப் பின்னுக்கு நடக்கவச்சு, படம் தெளிவா விழுற இடத்துல நிப்பாட்டி, லென்ஸ் வளையத்த அசையாம பிளாஸ்டர் போட்டு ஒட்டிட்டேன். கெமரா இங்க, சுண்ணாம்புக் கோடு அங்க. கோட்டுல நிக்கிற ஆள் தெளிவு. கோட்ட விட்டு நகர்ந்த ஆள் பனிமூட்டம். உங்க அக்கா கால் வலிக்குதுன்னு உக்காந்தா, அப்பத்துல இருந்துதான் பேச்சு இல்ல.

கல்யாண மண்டபத்துல மணவறையில கோடு போட ஐயர் விடல. அதனால தாலி கட்டுற படத்துல மாப்பிள்ளைப் பையனும் பொண்ணும் புகை மாதிரி இருக்காங்க, பின்னால கும்பத்துத் தேங்காய் மட்டும் நார் நாரா தெளிவு. சரி, குடும்பப் படத்துலயாவது மானத்தக் காப்பாத்துவோம்னு மண்டபம் நடுவுல நீட்டா ஒரு கோடு போட்டேன். பையன் வீட்டுக்காரங்க கொழும்புல இருந்து வேன்ல, செக்பொயின்டுக்கு செக்பொயின்ட் இறங்கி அட்டையக் காட்டி ஏறி வந்த சனம். அவங்கள முன்வரிசைக்குக் கூப்பிட்டு, நல்ல சத்தமா, "எல்லாரும் கோட்டுல வரிசையா நில்லுங்க, நேரா பாருங்க, யாரும் அசையப்படாது"ன்னு சொன்னேன்.

நான் சொன்னதுல ஏதாவது பிழை இருக்கா மச்சான்? ஆனா முதல்ல பையனோட பெரியப்பா சட்டைப் பையில கைய விட்டு அடையாள அட்டைய எடுத்து நெஞ்சுக்கு நேரா பிடிச்சாரு. அவரப் பாத்து அடுத்தவரு. பொம்பளைங்க எல்லாம் கைப்பையத் தொறந்தாங்க. கண்ண மூடி முழிக்கிறதுக்குள்ள ஒரு வரிசை சனம், பட்டுச்சேலையும் வேட்டியுமா, ஆளுக்கொரு அட்டையப் பிடிச்சுக்கிட்டு கல்லு மாதிரி நிக்குது. மாப்பிள்ளைப் பையன் மட்டும் பட்டுவேட்டி மடிப்ப ரெண்டு பக்கமும் தடவித் தடவிப் பாத்து வேர்த்துப்போனான்.

"அம்மா, என் ஐசி கால்சட்டையில இருக்கு."

"கால்சட்டை எங்கடா?"

"வேன்ல."

"மாலைய கழட்டாம ஓடி எடுத்துட்டு வா ராசா, கோவப்படுத்திராத."

யாரு கோவப்படப் போறான்னு அந்தம்மா நெனச்சாங்களோ தெரியாது. எதிர்ல நின்னது சுண்ணாம்புக் கையோட நானும், கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு மாப்பிள்ளையும்தான். அப்புறம் பொண்ணு சிரிச்சா. மாலை குலுங்கக் குலுங்க சிரிச்சா. பெரியப்பா தன் கையில இருக்கிறத அப்பதான் குனிஞ்சு பாத்தாரு, அவரும் சிரிச்சாரு, சிரிச்சுக்கிட்டே கண்ணத் தொடச்சாரு. அந்த நேரம் மாப்பிள்ளை பொத்தான அமத்திட்டாரு. ஒருத்தரும் கோட்ட விட்டு நகரல. அது ஒண்ணுதான் தெளிவா விழுந்த படம். அட்டை நம்பரக் கூட வாசிக்கலாம்னு மக சொல்றா.

ஞாயித்துக்கிழமை நடராஜா முதலாளி படம் பாக்க வாறாரு. ஒரு மக கல்யாணத்துல தேங்காயும் அடையாள அட்டையும்தான் மிச்சம்னு தெரிஞ்சா என்ன சொல்லுவாரோ. ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கண்டதும், உள்ளுக்குள்ள மோட்டர் உள்ள லென்ஸா பாத்து ஒண்ணு வாங்கி அனுப்புங்க. கடைக்காரன் பொருந்தும்னு சொன்னா கேக்காதீங்க. மாட்டி, பொத்தான அமத்தி, கிர்ருன்னு சத்தம் வந்தா மட்டும் வாங்குங்க. கழுத்துல மாட்டுறதெல்லாம் தாலி ஆகாதுன்னு, மாப்பிள்ளை கழுத்துல தொங்குன கெமராவக் காட்டி, நடராஜா சம்சாரமே கல்யாணத்தன்னைக்கு என் முகத்துக்கு நேரா சொல்லிட்டா. போற போக்குல இதையும் சொல்றேன்: கட்டார்ல மலிவுன்னு நீங்க அனுப்புன எதுவும் இதுவரைக்கும் எங்களுக்கு மலிவா முடிஞ்சதில்ல. அந்த இஸ்திரிப் பெட்டிய பத்தி அடுத்த கடிதத்துல பேச வேண்டாம்னுதான் இப்பவே ஞாபகப்படுத்துறேன்.

வண்டியப் பாத்து ஓட்டுங்க. வெயில்ல தலைக்குத் துணி கட்டுங்க. கதிர்காமத்தான் உங்க கைகாலுக்கும் லொறிச் சில்லுக்கும் காவல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்
சின்னமுத்து (பெருவிரல் அடையாளம்)

பி.கு.: மச்சான், கடிதத்த ஒட்டி வச்சிருந்தேன், முத்திரை வாங்கப் பிந்திட்டுது, அதுக்குள்ள ஞாயிறு வந்துட்டுது, இப்ப முஹைதீன் நானா பிரிச்சு எழுதுறாரு. லென்ஸ் அனுப்ப வேணாம். முதலாளி வந்தாரு, தாலி கட்டுற படத்தப் பாத்து, தேங்காய் நல்லா வந்திருக்குன்னாரு. குடும்பப் படத்தக் கையில எடுத்தவரு கீழ வைக்கவே இல்ல. பொறந்ததுல இருந்து என் மக இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல, சுவர் அளவுக்குப் பெருசாக்கித் தாங்கன்னு சொல்லிட்டு, தம்பி மகன் கல்யாணத்துக்கும் மாப்பிள்ளையவே வரச் சொல்லிட்டாரு. மஹ்மூத் நீங்க அனுப்புன லென்ஸ, உள்ளுக்குள்ள மோட்டர் இருக்கிற பழைய கெமரா வச்சிருக்கிற ஒருத்தருக்குக் குடுத்து, எங்களுக்கு மோட்டர் உள்ள சின்ன லென்ஸ் ஒண்ண மாத்தி வாங்கித் தந்துட்டாரு. அந்த மனுஷன் கெமராவுல உங்க லென்ஸ மாட்டுனப்ப நானும் நின்னேன். தங்கமான லென்ஸ் மச்சான், உங்க மேல எந்தப் பிழையும் இல்ல. மேல எழுதுன ஏச்செல்லாம் வாபஸ். வெட்டச் சொன்னா, முழுசா திரும்ப எழுதணும்னு முஹைதீன் நானா கை வலியச் சொல்றாரு. அதனால வாசிக்கிறப்ப நீங்களே பாத்து விட்டு விட்டு வாசிச்சுக்குங்க. உடுப்புப் பெட்டி பழையபடி கட்டிலுக்குக் கீழ போயிருச்சு, உங்க அக்கா சோத்தப் போட்டுட்டு சாப்பிட வாங்கன்னு என்னக் கூப்பிட்டா. மாப்பிள்ளை கொழும்புக்குப் போகல. இந்த ஒரு வரிய மட்டும் ரெண்டு தரம் வாசிங்க.